உச்சியில் ஒரு வெள்ளைக் கட்டை

தரையிலிருந்து அறுபது அடி. அதற்கு மேல் இந்தச் செம்மேட்டுக்கு உயரம் கிடையாது. ஆனாலும் மதலேனா தினமும் விடியற்காலை, "மலைக்குப் போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டிலிருந்து கிளம்புகிறார். கையில் ஒரு சாவிக்கொத்து. பாதையோரம் ஊன்றியிருக்கும் ஒவ்வொரு வெள்ளைக் கட்டையையும் சாவியால் தட்டி, "இருக்கியா?" என்று கேட்டுவிட்டு அடுத்ததற்கு நடக்கிறார். பின்னால் மூச்சு வாங்க வரும் தோழி ஆதிலட்சுமி, "இருக்கேன்டி, இன்னும் சாவல" என்று கட்டைக்காகப் பதில் சொல்கிறார்.

மின்கம்பங்களில் கம்பியைத் தாங்கும் பீங்கான் இன்சுலேட்டர்கள்தான் அந்தக் கட்டைகள். விருத்தாசலத்துத் தொழிற்பேட்டையில் அவற்றைச் செய்யும் ஒரு கூடத்தில் பாவாடை தாவணிக் காலத்தில் சேர்ந்தவர் மதலேனா. சூளையிலிருந்து இறங்கும் கட்டைகளைத் தட்டிப் பார்த்துப் பிரிப்பது வேலை. நல்லது மணி போல ஒலிக்கும். உள்ளே மயிரிழை விரிசல் இருந்தால் சத்தம் செத்துக் கேட்கும். இந்தப் பழக்கம் கூடத்தின் வாசலோடு நிற்பதில்லை. டீக்கடையில் கிளாசைச் சாவியால் தட்டாமல் வாய் வைக்க மாட்டார். "இது ஊமை, ஜெயராஜு. வேற குடு" என்பார். "எக்கா, சூடு ஆறுறதுக்குள்ள குடிக்கா. இதுக்கு ஒண்ணும் நீ சீல் அடிக்க வேணாம்" என்று ஜெயராஜ் முனகிக்கொண்டே மாற்றிக் கொடுப்பார்.

சர்க்கரை நோய்க்கு நடக்கச் சொன்னார்கள் என்று மேட்டுக்கு வர ஆரம்பித்தவர். ஒரு மார்கழிப் பனியில் பாதை தவறி, மழைநீர் அறுத்த ஓடைக்குள் விழுந்து கணுக்கால் வீங்கியது. வீக்கம் வடிந்ததும் முதலாளியிடம் கேட்டு, நிறம் மங்கியது, கோணிப்போனது என்று கழித்துப்போட்ட கட்டைகளைப் பையில் போட்டு வந்து ஊன்றத் தொடங்கினார். பனியிலும் வெள்ளை தெரியும். இன்று காய்கறிக்காரர்கள், வங்கி ஊழியர்கள், ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர்கள் எல்லாம் அந்த வெள்ளையைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறார்கள். யார் ஊன்றியது என்று அவர்களில் பலருக்குத் தெரியாது.

ஊரின் பெயரிலேயே பழைய மலை இருக்கிறது. எங்கே மலை என்று கேட்டால் கோயிலைக் காட்டுவார்கள். அப்படித் தட்டையான ஊரில் அறுபது அடி ஏறி நின்றால் என்ன நடக்கிறது என்பதை, அவர்களோடு நடக்கப் போய் நேரில் பார்த்த பிறகுதான் நானே நம்பினேன். காலுக்குக் கீழே செம்மண், அதில் முழங்கால் உயரப் புதர்கள், சரிவெல்லாம் முந்திரி. அதற்கப்பால் பனி வெள்ளமாக நிற்கிறது. கோபுரங்களும் சூளைப் புகைபோக்கிகளும் மட்டும் அதற்கு மேலே. கிழக்கே நெய்வேலியின் புகை. எங்கோ அடியில் ஜங்ஷனை விட்டு ரயில் கிளம்பும் சத்தம் கேட்கிறது, ரயில் தெரிவதில்லை. முதல் வெயில் பட்டதும் மேடு முழுக்கச் சுட்ட செங்கல்லாகச் சிவக்கிறது. மதலேனா பத்து வருடமாகப் பார்க்கிறார். இப்போதும் அந்த நேரத்தில் பேச்சை நிறுத்திவிடுகிறார். "கொஞ்ச நேரம் வாய மூடுடி" என்று ஆதிலட்சுமியையும் அதட்டுகிறார்.

உச்சியில் இருக்கும் கட்டை மட்டும் முழங்கால் உயரம். தோழிகள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்தது. பாதை இங்கே முடிகிறது என்பதற்கு அடையாளமாக நட்டார்கள். சரிவில் முந்திரித் தோப்பு வைத்திருக்கும் கலியமூர்த்திக்கு அது இப்போது சாமி. இரண்டு கோடைக்கு முன் ஓர் இடிமழையில் அவர் மனைவி திரௌபதி தோப்பில் தனியாக மாட்டிக்கொண்டார். பக்கத்திலேயே இரண்டு பனைகள் இடி விழுந்து கருகின. திரௌபதி மேல் ஒரு பொறி விழவில்லை. உச்சியில் இருப்பது இன்சுலேட்டர் என்று கலியமூர்த்திக்கு நன்றாகத் தெரியும். "கரண்டையே நிறுத்துறவருங்க. இடிய நிறுத்த மாட்டாரா?" என்கிறார். அன்று அவர் பூசிய மஞ்சள்தான் தொடக்கம். பிறகு குங்குமம் வந்தது, சிவப்புத் துணி வந்தது, செவ்வாய்க்கிழமை விளக்கு வந்தது. மூன்று தெருக்காரர்கள் வந்து மும்முறை சுற்றிக் கும்பிட்டுப் போகிறார்கள்.

எல்லாரும் செருப்பைத் தள்ளி விட்டுவிட்டுத்தான் சாமியிடம் போகிறார்கள், மதலேனாவைத் தவிர. "மாதா கோயிலுக்குக் கழட்டுறல்ல? இங்க மட்டும் என்னாடி?" என்று ஆதிலட்சுமி சீண்டுவார். "நான் நட்டு வெச்ச கட்டைக்கு நானே கழட்டணுமா? முள்ளு கெடக்குதுடி, போடி."

சாமிக்குப் பின்புறம் கிராவல் வெட்டி விட்டுப்போன பழைய பள்ளம். 2005 நவம்பர் மழை அதன் விளிம்பைத் தின்றுகொண்டே வந்தது. முன்பு சாமிக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு லாரி நிற்கலாம். பொங்கல் நெருங்கும்போது ஒரு பாய் விரிக்கத்தான் இடம் இருந்தது. காணும் பொங்கலுக்குப் பிள்ளைகுட்டிகளோடு மூன்று தெருவும் அங்கே வரும். பொங்கல் வைக்கும், சுற்றி வரும்.

மதலேனா கலியமூர்த்தியிடம் சொல்லிப் பார்த்தார். "கொஞ்சம் கீழ நவுத்தி வெய்யி, தம்பி."

"ஒக்காந்த எடத்துலேர்ந்து சாமிய நவுத்தக் கூடாதுங்க்கா."

"வெச்சது நான்தானேப்பா."

"வெச்சது நீங்க. ஒக்காந்தது அவரு."

வேலி போடலாம் என்றதற்கு, சாமிக்கு முதுகில் முள்ளா என்று கேட்டார்.  மதலேனாவிடம் சொல்லாத வார்த்தை இன்னும் ஒன்று இருந்தது. உச்சிக்கட்டை மற்றவற்றைப் போல நிறம் மங்கியோ கோணியோ கழிந்ததல்ல. உள்ளே விரிசல். உடைந்த சிலைக்கு யாரும் பூசை செய்வதில்லை.

"அத ஒரு வார்த்தை சொல்லு. அவனே எடுத்துப் போட்டுடுவான்" என்றார் ஆதிலட்சுமி.

"போட்டுடுவான். அடுத்த இடிக்கு அவன் யாரக் கும்புடுவான்?"

போகிக்கு முதல் நாள் காலை நாங்கள் மூவரும் ஏறியபோது, கலியமூர்த்தி சாமிக்குப் பின்னால் மண்வெட்டியோடு நின்றார். பொங்கல் அடுப்புக்கு இடம் செதுக்குகிறார். ஒரு வெட்டு. காலடியிலிருந்து மண்கட்டி ஒன்று பிளந்து நழுவியது. அது பள்ளத்தில் விழும் சத்தம் வரக் கொஞ்ச நேரமானது. கலியமூர்த்தி ஓரடி தள்ளி நின்று மீண்டும் மண்வெட்டியை ஓங்கினார்.

"தம்பி, இந்தப் பக்கம் வா."

மதலேனா குனிந்து, பாதையோரச் சிறு கட்டையைச் சாவியால் தட்டினார். கணீரென்றது. பிறகு உச்சிக்கட்டையைத் தட்டினார். செத்த சத்தம். இன்னொரு முறை தட்டினார். அதே சத்தம்.

தேங்காய் தட்டி வாங்கத் தெரிந்தவருக்கு இதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. கலியமூர்த்தியின் கையிலிருந்து மண்வெட்டி இறங்கியது.

"எப்பலேர்ந்துக்கா?"

"சூளையிலேர்ந்து எறங்கறப்பவே."

"அப்போ இடி விழுந்த அன்னிக்கி?"

"அன்னிக்கும் இப்படித்தாம்ப்பா."

கலியமூர்த்தி அந்தச் செம்மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.  கட்டையின் மேலிருந்த மஞ்சளை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ஒடஞ்ச ஒடம்போடயாக்கா எங்க வூட்டுக்காரிய காப்பாத்துனாரு?"

 பேச்சு இப்படித் திரும்பும் என்று மதலேனா நினைத்திருக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

"போதுங்க. இவ்ளோ நாள் நின்னது போதும். கீழ எறங்கி நெழல்ல குந்தட்டும்."

தோள் துண்டை உதறிக் கட்டையின் மேல் சுற்றினார். அடிமண்ணைக் கையாலேயே பறித்தார். உதவிக்குப் போன ஆதிலட்சுமியைத் தலையசைத்து நிறுத்திவிட்டு, சாமியை மார்போடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு இறங்க ஆரம்பித்தார். மஞ்சளும் எண்ணெயும் அவர் சட்டையில் அப்பின.

பாதை ஒற்றை ஆள் நடக்கும் அகலம்தான். அவருக்கு வழிவிட மதலேனா ஓரத்து முட்புதரோடு ஒட்டி நின்றார். கலியமூர்த்தி பக்கத்தில் வந்ததும் மதலேனா ஒரு காலால் மற்றொரு காலின் செருப்பைத் தள்ளி, பிறகு அடுத்த செருப்பையும் கழற்றி, முள்ளின் மேல் வெறுங்காலோடு நின்றார்.

காணும் பொங்கலன்று பானை, பாதி மேட்டில் சாமியை இறக்கி வைத்த முந்திரி மரத்தடியில் ஏறும். பாதையும் இனி அங்கேயே திரும்பிவிடும்.