செக்கர் ஏறினால் எழுந்து நிற்பவர்

என் வீட்டுக்காரர் முப்பத்தொரு வருடம் பஸ் கண்டக்டர். ஓசியில் போகிறவனை முழியைப் பார்த்தே பிடித்துவிடுவார். ஆனால் செக்கர் ஏறிவிட்டால் போதும், விறைப்பாக எழுந்து நின்று பையோடு எல்லாவற்றையும் நீட்டிவிடுவார். ஓய்வு பெற்று இரண்டு வருடமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. விசிலும் சட்டைப்பையை விட்டுப் போகவில்லை.

வெளிநாட்டில் இருந்த மகளுக்கு ஆபரேஷன் செய்து குழந்தையை எடுக்க நாள் குறித்துவிட்டார்கள். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை, நினைத்தால் வர முடியாது. நாங்கள் போய்ச் சேராவிட்டால் அவள் ஆஸ்பத்திரியில் தனியாகத்தான் கிடக்க வேண்டும். பெட்டி கட்டும்போது இவர் விசிலைத் தேடிக்கொண்டிருந்தார்.

"அது எதுக்குங்க? விமானத்துக்கு ரைட் குடுக்கப் போறீங்களா?"

"இருந்துட்டுப் போகட்டும்டி."

வழியில் ஒரு நகரத்தில் விமானம் மாற ஏழு மணி நேரம் இருந்தது. இவருக்குச் சும்மா உட்கார முடியுமா? "இந்த ஊரு பஸ் எப்படி ஓடுதுன்னு பாத்துட்டு வந்துடலாம் வா" என்று என்னைக் கிளப்பிவிட்டார். டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தோம்.

இரண்டாவது நிறுத்தத்தில் நீலக்கோட்டு போட்ட ஒருவன் ஏறினான். நெஞ்சில் பளபளவென்று ஒரு வில்லை. நேராக எங்களிடம் வந்து டிக்கெட்டை வாங்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "பாஸ்போர்ட்" என்றான். இவர் எழுந்து நின்றுவிட்டார்! தன்னுடையதைக் கொடுத்ததும் இல்லாமல், என் கைப்பையைத் திறந்து என்னுடையதையும் எடுத்து நீட்டினார்.

"யாரு என்னன்னு கேக்காம குடுக்கறீங்களே!"

"சும்மா இரு. செக்கர எதிர்த்துப் பேசக்கூடாது."

அவன் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வரச்சொல்லிச் சைகை காட்டினான். பாஸ்போர்ட் இல்லாமல் எந்த விமானத்தில் ஏறுவது? ஆபரேஷனுக்குப் போகிற பெண் வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பாளே!

அப்போதுதான் இவர் முகம் மாறியது.

"அடியே, இவன் வேற யாரு டிக்கெட்டையும் பாக்கலையே! ஓடற பஸ்ல நிக்கக்கூடத் தெரியல, கம்பியக் கட்டிப்பிடிச்சிட்டு நிக்கறான். இவனா செக்கர்?"

சொன்ன வேகத்தில் விசிலை எடுத்து நீளமாக ஊதினார். எந்த நாட்டு டிரைவராக இருந்தால் என்ன, காதோரம் விசில் அடித்தால் கால் பிரேக்குக்குத்தான் போகும். பஸ் குலுங்கி நின்றது. இவர் அசையவில்லை. கோட்டுக்காரன் குப்புற விழுந்தான். பாஸ்போர்ட் இரண்டும் என் காலடிக்குச் சறுக்கி வந்தன. நான் மரியாதையெல்லாம் பார்க்கவில்லை, இரண்டு காலையும் தூக்கி அவற்றின் மேல் வைத்துக்கொண்டேன். டிரைவர் கத்திக்கொண்டே கதவைத் திறந்தார். அவன் எடுத்தான் ஓட்டம்.

இப்போது தெருவில் யார் வெளிநாடு கிளம்பினாலும் இவர் பிடித்து உட்கார வைத்துவிடுகிறார். "ஒரிஜினலக் குடுக்காதீங்க, நகலக் காட்டுங்க. தகராறுன்னா போலீஸ் ஸ்டேஷன்ல பேசிக்கலாம்னு சொல்லுங்க. கூட்டத்த விட்டுத் தனியா மட்டும் இறங்காதீங்க." தான் எழுந்து நின்ற கதையை மறந்தும் சொல்வதில்லை. அதைச் சொல்லத்தான் நான் இருக்கிறேனே.

அந்தப் பயணத்தில் நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மகளை உள்ளே கொண்டுபோகப் பத்து நிமிஷம்தான் இருந்தது. "வந்துட்டியாம்மா" என்று என் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. நான் அழுதுவிட்டேன். அவளை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே உட்கார்ந்திருந்தபோது இவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "யூனிஃபார்மப் பாத்ததும் நம்ம ஆளுன்னு நெனச்சிட்டேன்டி." திட்டுவதற்கு வைத்திருந்த வார்த்தையெல்லாம் எனக்கு மறந்துபோனது.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்து நர்ஸ் குழந்தையோடு வந்தாள். நீல யூனிஃபார்ம், நெஞ்சில் வில்லை. இவர் விறைப்பாக எழுந்து நின்று இரண்டு கையையும் நீட்டினார்.