ஓடக்காரன் எங்கே?

1957-ம் வருஷம் என்று நினைக்கிறேன். பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போய் இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். புதுச்சேரி உப்பளத்தில் ஒரு மளிகை மொத்த வியாபாரியின் கிடங்குக்கு நான் புளி கொட்டை எடுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். மாசி பிறந்தால் மூட்டை மூட்டையாகப் புளி வந்து இறங்கும். கிடங்குக்குப் பின்னால் இருந்த கீற்றுக் கொட்டகையில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டையைத் தட்டி எடுப்போம். சாயங்காலம் அவரவர் கூடையை நிறுத்துத்தான் கூலி. விரலெல்லாம் வெடித்து, ராத்திரி ரசம் சோறு பிசைந்தால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

ஆனால் எனக்கு அங்கே ஒரு தனி மரியாதை இருந்தது. நான்தான் சினிமாக் கதை சொல்கிறவள். எல்லாருக்கும் சினிமாக் கொட்டகைக்குப் போக நேரமோ வீட்டில் அனுமதியோ இருக்காது. நான் எப்படியாவது பார்த்துவிட்டு வந்து, பாட்டு எங்கே வருகிறது என்பது முதல் வில்லன் மீசையை எப்போது தடவுகிறான் என்பது வரை சொல்வேன். கதை சொல்கிறவளுக்குக் கை ஓடாதல்லவா? அதனால் கேட்கிறவர்கள் ஆளுக்கொரு பிடி சுத்தம் செய்த புளியை என் கூடையில் போட்டுவிடுவார்கள். அது எங்கள் கொட்டகையில் யாரும் சொல்லாமலே வந்த வழக்கம். நல்ல இடம் வந்தால் இரண்டு பிடி விழும். என் வாயால் என் கூடை நிறைகிறது என்பதில் எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

நான் சொன்னவற்றிலேயே பேர் வாங்கியது, சின்னப் பெண்ணாக இருந்தபோது பார்த்த ஒரு பழைய படம். நாடிழந்த ராணி கைக்குழந்தையோடு காடு மேடெல்லாம் அலைந்து, கடைசியில் தன் பிள்ளை கையாலேயே சிறைக்குப் போகிற கதை. அதில் ஓடக்காரன் வரும் இடம் என்றால் எங்கள் புளிக் கொட்டகையே அழும். ராணியிடம் கூலி கொடுக்கக் காசில்லை. கால் மெட்டியைக் கழற்றிக் கொடுக்கிறாள். பாதி ஆறு போனதும் அவன் அதை வெயிலில் பிடித்துப் பார்க்கிறான். அரண்மனை முத்திரை. துடுப்பை அப்படியே போட்டுவிட்டு இரண்டு கையையும் கூப்புகிறான். ஓடம் தன் பாட்டுக்கு ஆற்றோடு போகிறது. எத்தனை வருஷம் சொன்னாலும் முந்தானை நனையாமல் யாரும் எழுந்ததில்லை. 'காவியம்னா இதுதான்டி' என்று எங்கள் மேஸ்திரியம்மாவே சொல்லிவிட்டார். எங்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் அந்த அம்மாள் லேசில் எதையும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

இப்படி நான் ராணியாக இருந்த இடத்துக்குத்தான் அந்த வருஷம் ஒருத்தி வந்து சேர்ந்தாள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். கத்தோலிக்கக் குடும்பம். புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, வியட்நாம் சைகோனில் இருந்தார்; இவளும் கூட இருந்தாள். அங்கே சண்டையில் அவர் போய்விட்டார். பென்ஷன் காகிதம் வருகிறது வருகிறது என்று இழுத்துக்கொண்டே போனதால் புளி வேலைக்கு வந்துவிட்டாள். யார் தண்ணீர் கொடுத்தாலும் 'மெர்சி' என்பாள். முகத்துக்கு நேரே நான் அவளை அக்கா என்பேன். மனசுக்குள் அவள் எனக்குச் சைகோன்காரிதான்.

வந்த ஒரு வாரம் வாயே திறக்கவில்லை. நான் ஓடக்காரனைச் சொன்னபோதுகூடத் தலையைக் குனிந்தபடி புளிதான் உடைத்தாள். ஒருநாள் நான் தொண்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது யாரோ, "சைகோன்ல சினிமால்லாம் உண்டாக்கா?" என்று கேட்டுவிட்டார்கள். அங்கே பார்த்த பிரெஞ்சுப் படம் ஒன்று என்று அவள் ஆரம்பித்தாள். கதை என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை. ஒரு பெண். புருஷன் யுத்தத்துக்குப் போனவன் திரும்பவில்லை. அவள் வாரா வாரம் அவன் சட்டைகளை எடுத்துத் துவைத்து, இஸ்திரி போட்டு, பெட்டியில் அடுக்குகிறாள். போட்டுக்கொள்ள ஆளில்லாத சட்டை. ஒரு வாரம் துவைக்க எடுக்கும்போது பார்க்கிறாள், ஒரு சட்டையின் காலரில் அழுக்கு இருக்கிறது.

கொட்டை தட்டும் கல் சத்தம் நின்றுபோயிற்று.

"அப்புறம்?" என்றார் மேஸ்திரியம்மா.

"அவ்ளோதாம்மா. அதோட படம் முடிஞ்சிடுது."

பிறகு ஒவ்வொருத்தியாக எழுந்து அவள் கூடையில் ஒரு பிடி போட்டார்கள். மேஸ்திரியம்மா இரண்டு பிடி போட்டார். என் தொண்டைக்குச் சுக்கு இடித்துக் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரியும் போட்டாள். எனக்கு அடிவயிறு பற்றி எரிந்தது. மூன்று மணி நேரப் படத்தைப் பாட்டோடு சொல்லி நான் வாங்குவதை இவள் மூச்சு வாங்காமல் ஒரு அழுக்குச் சட்டையை வைத்து வாங்கிவிட்டாளே!

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. காலரில் அழுக்கு எப்படி வந்தது என்ற யோசனை ஒரு பக்கம். அதை யோசிக்க வைத்துவிட்டாளே என்ற ஆத்திரம் ஒரு பக்கம்.

அதற்குப் பிறகு தினமும் கொட்டகையில் இதே பேச்சாகிவிட்டது. எது காவியப் படம்? ராணி படமா, சட்டைப் படமா? மேஸ்திரியம்மா, சாமி ஒரு தடவையாவது தரிசனம் கொடுக்க வேண்டும் என்பார். புதிதாகக் கல்யாணமான ஒருத்தி, பாட்டு மனசில் நிற்க வேண்டும் என்பாள். நான் விடுவேனா? "பத்து வருசம் கழிச்சு கேட்டாலும் அழுவ வரணும். அதான் காவியம்" என்றேன்.

சைகோன்காரியைக் கேட்டார்கள். "எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா. பாத்துட்டு வந்து அன்னிக்கு சோறு எறங்கலன்னா நல்ல படம்னு வச்சிப்பேன்" என்றாள்.

"கதைன்னு ஒண்ணு வேணாமாக்கா?"

"ஒரே ஒரு எடம் போதும் தங்கச்சி."

அவள் தங்கச்சி என்றதே எனக்குக் குத்தலாகப் பட்டது. "அப்படி ஒரு படம் இருக்குன்னு நாங்க எப்படி நம்புறது? நாலு பேர் கண்ணால பாத்து ஒத்துக்கிட்டாதான் காவியம். பாக்காத படத்துக்கெல்லாம் பட்டம் குடுக்க முடியாது" என்று சட்டம் போட்டேன். எல்லாரும், ஆமாம் அதுவும் நியாயம்தானே என்றார்கள். சைகோன்காரி சிரித்துக்கொண்டு புளியை உடைத்தாள். அந்தச் சிரிப்பையும் நான் மன்னிக்கவில்லை.

நான் போட்ட சட்டத்துக்கு உடனே வேலை வந்தது. அதே மாதம் தள்ளுவண்டியில் சினிமா விளம்பரத் தட்டி கட்டி, மேளம் அடித்துக்கொண்டு வந்தார்கள். என் ராணி படம் மறுபடியும் ஊருக்கு வந்திருந்தது! எனக்குத் தலைகால் புரியவில்லை. "வாங்கடி, எல்லாரும் போவலாம். சைகோன் அக்காவும் வரட்டும். நம்ம ஊரு காவியம் எப்படி இருக்கும்னு பாக்கட்டும்" என்றேன். மூட்டை வராத ஒரு நாளாகப் பார்த்து மேஸ்திரியம்மா தலைமையில் பகல் ஆட்டத்துக்குக் கிளம்பினோம். சிலர் புருஷனிடம் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தார்கள். பெண்கள் பக்கத்துப் பெஞ்சு முழுக்க எங்கள் புளி வாசனைதான்.

படம் ஓடியது. ராணி அரண்மனையை விட்டு வெளியேறினாள். காட்டில் பாட்டு வந்தது. நான் பக்கத்தில் இருந்தவளை இடித்து, "இதோ, இப்ப ஆறு வரும்" என்றேன். முந்தானையைக்கூட எடுத்து வைத்துக்கொண்டாள், பாவம். காட்டுப் பாட்டு முடிந்தது. அடுத்த காட்சியில் ராணி ஒரு ஊருக்குள் மாவு இடித்துக்கொண்டிருந்தாள்.

ஆறு எங்கே? ஓடம் எங்கே? ஒருவேளை பின்னால் வருமோ என்று பார்த்தேன். வரவில்லை. குழந்தை பசியில் அழும்போது குயவன் பெண்டாட்டி தன் பிள்ளைக்கு வைத்த கஞ்சியைக் கொண்டுவந்து கொடுப்பாளே, அவளும் வரவில்லை. இருட்டில் ஒவ்வொரு தலையாக என் பக்கம் திரும்புவது தெரிந்தது. "இன்னாடி, ஓடக்காரன காணோம்?" என்று யாரோ கிசுகிசுத்தார்கள்.

அப்போதுதான் மெல்ல மெல்ல ஞாபகம் வந்தது. என்றோ ஒரு மாசியில் மேஸ்திரியம்மா கேட்டார், "காட்டுலேர்ந்து ஊருக்கு எப்படிடி போனா? நடுவுல ஆறு குறுக்க வராதா?" என்று. வரும் என்றேன். "காசுக்கு எங்க போனா?" என்றாள் இன்னொருத்தி. மெட்டியைக் கழற்றினேன். "அந்தப் புள்ளைக்குப் பசிக்குமே, ஒருத்தருமா சோறு போடல?" என்று கைப்பிள்ளைக்காரி ஒருத்தி கலங்கினாள். கஞ்சி வரவழைத்தேன். பொய் சொல்ல வேண்டும் என்று சொன்னதில்லை. கேட்டார்கள், சொன்னேன். வருஷா வருஷம் சொல்லிச் சொல்லி, கண்ணால் பார்த்தது போலவே ஆகிவிட்டது. படத்தில் ஆறே கிடையாது!

இடம் வலமாக யாரையும் பார்க்காமல் திரையையே வெறித்துக்கொண்டிருந்தேன். நாளைக்கு எந்த முகத்தோடு கொட்டகையில் உட்காருவது? இத்தனை வருஷம் சொன்ன அத்தனை படத்தையும் புளுகு என்பார்கள். அதைவிட, அதைச் சைகோன்காரி பார்க்கப்போகிறாளே என்பதுதான் தாங்கவில்லை. அவளை அழைத்து வந்ததும் நான்தானே.

படம் விட்டதும் நடந்தது நான் எதிர்பாராதது. மேஸ்திரியம்மா நேராகப் போய் வாசலில் டிக்கெட் கிழிப்பவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்ப்பா, ஓடக்காரன் எங்க?"

"எந்த ஓடக்காரம்மா?"

"இன்னா வெளையாடுறியா? மெட்டி குடுக்கிற எடம் எங்க போச்சி? கஞ்சி ஊத்துறவ எங்க? பாதி படத்த வெட்டிட்டு முழு காசு வாங்கிக்கிட்டியா?"

"எம்மா, வந்த பொட்டிய அப்படியே ஓட்டுறோம். அதுல ஆத்தையும் காணோம், ஓடத்தையும் காணோம்" என்றார் அந்த மனிதர். எங்கள் பெண்கள் அவரைச் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். கூட்டம் கூடிவிட்டது. அவர்களுக்கு என்மேல் ஒரு துளி சந்தேகம் வரவில்லை. கொட்டகைக்காரன்தான் திருடிவிட்டான்.

"நீ சொல்லுடி. நீ பாத்தவளாச்சே!" என்று மேஸ்திரியம்மா என் கையைப் பிடித்து முன்னால் இழுத்துவிட்டார்.

வெயிலில் எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். ஆமாம் என்றால் அந்த மனிதரின் பிழைப்பில் மண். இல்லை என்றால் என் மானம்.

"அவர ஏம்மா திட்டுறீங்க?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சைகோன்காரி. "பழைய படம்னா ஓட்ட ஓட்ட பிலிம் அறுந்து போவும். அறுந்தத வெட்டி ஒட்டுவாங்க. வருசம் ஆவ ஆவ படம் குட்டையாயிடும். சைகோன்லயும் இப்படித்தான். தங்கச்சி சின்ன வயசுல முழுசா பாத்துருக்கும். நமக்கு குடுத்து வைக்கல."

சைகோனில் சினிமா பார்த்தவளே சொன்னால் மறுபேச்சு உண்டா? எல்லாரும் அடங்கிவிட்டார்கள். டிக்கெட் கிழிப்பவர் அவளைக் கும்பிட்டார். நானும் கும்பிட்டிருக்க வேண்டும். எனக்கோ, என் மானத்தை மற்ற யார் காப்பாற்றியிருந்தாலும் பரவாயில்லையே, இவளா காப்பாற்ற வேண்டும் என்று இருந்தது.

மறுநாள் கொட்டகையில் என் மரியாதை இரண்டு மடங்கானது. அந்தக் காட்சி இனி எந்தக் கொட்டகையிலும் கிடைக்காது, என் வாயில் மட்டும்தான் இருக்கிறது என்று மேஸ்திரியம்மா அறிவித்தார். ஓடக்காரனை மறுபடி சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். குரல் நடுங்கியது. அதற்கும் சேர்த்து அழுதார்கள். என் கூடையில் பிடி பிடியாக விழுந்தது. கடைசியாக எழுந்து வந்து ஒரு பிடி போட்டவள் சைகோன்காரி.

சாயங்காலம் தொட்டியில் கை கழுவும்போது அவளும் நானும்தான் இருந்தோம். "ஏங்க்கா அப்படி சொன்னீங்க?" என்று கேட்டேன். நன்றியாகக் கேட்கவில்லை, சண்டைக்காரியாகத்தான் கேட்டேன்.

அவள் விரல் இடுக்கில் ஒட்டியிருந்த புளியைத் தேய்த்துக் கழுவினாள். "நீ பாவம், மாட்டிக்கிட்ட. உன் படம் திரும்பி ஊருக்கு வந்திடுச்சி. நான் சொன்ன படத்த இங்க யாரும் போய்ப் பாக்க முடியாதே" என்றாள். அப்புறம், "அந்த ஓடக்காரன் துடுப்ப போட்டுட்டு கும்புட்டான் பாரு, நேத்து ராத்திரி எனக்கு சோறு எறங்கல தங்கச்சி. எனக்கு ஏன் அது தோணலன்னு உன்மேல பொறாமையா இருந்துது" என்று சொல்லிவிட்டுக் கையை உதறிக்கொண்டு போய்விட்டாள்.

அங்கேயே நின்றேன். சட்டை, காலர், சண்டையில் போன புருஷன். அப்படி ஒரு பிரெஞ்சுப் படமே கிடையாது என்று அப்போது உறைத்தது. அழுகை வந்தது. அழுதுகொண்டே பொறாமையும் பட்டேன், மறைப்பானேன்? என் ஓடக்காரனை உண்டாக்க ஒரு கொட்டகை நிறையப் பெண்களும் பல மாசி மாதங்களும் தேவைப்பட்டன. அவள் ஒற்றை ஆளாக உண்டாக்கியிருந்தாள்.

பிறகு நாங்கள் நெருங்கிப் பழகினோம். ஆனால் கதை சொல்வதில் கடைசி வரை விட்டுக்கொடுத்ததில்லை. அறுபத்திரண்டில் அவளுக்குக் காகிதமெல்லாம் சரியாகி, பிரான்சுக்குப் போய்விட்டாள்.

இப்போது என் மகனும் அவன் சிநேகிதர்களும் ஞாயிற்றுக்கிழமை கூடினால் எது கிளாசிக், எது இல்லை என்று அடித்துக்கொள்கிறார்கள். இயக்கம் என்கிறார்கள், ஒளிப்பதிவு என்கிறார்கள். என்னைக் கேட்டால் இவ்வளவுதான் சொல்வேன்: ஒருத்தி ஒரு படத்தைச் சொல்லக் கேட்டு, ஐயோ, இதை நான் சொல்லியிருக்கக் கூடாதா என்று எவ்வளவு வயசானாலும் வயிறு எரிகிறதே, அதுதான் காவியம்.