லிவர்மோரில் உப்புப் பீர்

மே 1999, சனிக்கிழமை. காலை பத்து மணிக்குச் சான் ஹோசேயிலிருந்து என் காலேஜ் நண்பன் சேகரின் காரில் கிளம்பினோம். லிவர்மோர் முப்பத்தைந்து மைல். ஜெர்சி சிட்டியில் வங்கி ஒன்றின் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் நான், ஒரு வார ஆபீஸ் வேலையாக இந்த மேற்குக் கரைப் பக்கம் வந்திருந்தேன். முடிந்ததும் திரும்பாமல் தங்கியது ஒரு பீருக்காக. டிக்கெட்டை மாற்ற எழுபத்தைந்து டாலர் தண்டம். வீட்டில் கோயிலுக்குப் போவதாகச் சொன்னேன். அதுவும் பொய்யில்லை, லிவர்மோரில் நம்மூர்க் கோயில் ஒன்று இருக்கிறது.

பீரின் பெயர் கோஸெ. லைப்ஸிக் என்ற ஜெர்மன் நகரத்துப் பழைய பீர். புளிக்கும், உப்பும் கொத்தமல்லி விதையும் சேர்ப்பார்கள். காய்ச்ச ஆளில்லாமல் அறுபதுகளில் நின்றுபோனதை, எண்பதுகளில் ஒரு மதுக்கடைக்காரர் விடாப்பிடியாகத் திரும்பக் கொண்டுவந்தார். அங்கே படித்துக்கொண்டிருந்த நான் 1987இல் அதைக் குடித்திருக்கிறேன்.

லிவர்மோரில் கேரல் என்ற அம்மையார் அதைத் தன் வீட்டில் மூன்று வருடமாகக் காய்ச்சிப் பார்க்கிறார். குடித்ததில்லை, படித்ததோடு சரி. அசலைக் குடித்தவர் யாராவது உண்டா என்று இன்டர்நெட்டில் கேட்டிருந்தார். நான் உண்டு என்று எழுதினேன். "வந்து சொல்லுங்கள். இந்த முறையும் சரியில்லை என்றால் விட்டுவிடுகிறேன்" என்று பதில் வந்தது.

அப்புறம்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. லைப்ஸிக்கில் முதல் வாய் குடித்தபோது, உப்பும் கொத்தமல்லியும் போட்ட மோர் என்றுதான் எனக்குத் தோன்றியது. பன்னிரண்டு வருடம் கழித்து என் நாக்கில் இருப்பது அந்தப் பீரா, ஈரோட்டு மோரா? நாக்கையாவது சுத்தமாக வைத்துக்கொள்வோம் என்று காலைக் காப்பியைக்கூடத் தொடவில்லை.

பதினொரு மணிக்குக் கோயில். தரிசனம் முடிந்ததும், சேகர் புளியோதரையை நீட்டினான்.

"வேண்டாம்டா. நாக்கு கெட்டுடும்."

"பிரசாதத்த வேண்டாம்ங்கறியா? பீர் டேஸ்ட் பண்றதுக்கு விரதம் இருக்கற மொத ஆள் நீதான்டா!"

வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அவனிடமே கொடுத்துவிட்டேன். காரில் ஏறியதும் அவன் சொன்னான்: "பேசாம சூப்பர்னு சொல்லிட்டு வந்துர்றா. அந்தம்மா சந்தோஷப்படும்."

"அதுக்கு ஜெர்சிலேந்தே ஒரு மெயில் போட்டிருப்பேனே."

இரண்டு மணி. திராட்சைத் தோட்டங்களைத் தாண்டி கேரலின் வீடு. ஐம்பது வயதிருக்கும், நெடுநெடுவென்ற உருவம். கராஜில் இருந்த பீப்பாயிலிருந்து ஒரு கிளாஸ் பிடித்துக் கொடுத்துவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். புளிப்பு அருமை. கொத்தமல்லி வாசனை தூக்கலாக இருந்தது. ஆனால் ஏதோ குறைந்தது. சேகர் என் காலை மிதித்தான்.

"இது இல்லை. உப்பு போதாது" என்றேன்.

கேரல் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். முதலில் உப்பு நிறையவே போட்டதாகவும், அவருடைய பீர் கிளப் நண்பர்கள் கடல் தண்ணீர் என்று முகம் சுளித்ததால் ஒவ்வொரு முறையும் குறைத்துக்கொண்டே வந்ததாகவும் சொன்னார். பிறகு எழுந்துபோய் மூலையிலிருந்து தூசி படிந்த சின்னப் பீப்பாய் ஒன்றை உருட்டி வந்தார். கீழே கொட்ட மனசு வராமல் வைத்திருந்தாராம்.

குடித்தேன். நாக்கின் ஓரங்களில் உப்பு ஏறியது. நிலக்கரி அடுப்பு, நனைந்த கம்பளிக் கோட்டுகள், மேஜையைத் தட்டிப் பாடிய கூட்டம் எல்லாம் ஒன்றாக வந்தன. மோர் என்ற நினைப்பே வரவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதுதான்."

"நிச்சயமாக?"

"நிச்சயமாக."

கேரல் புதுப் பீப்பாயின் குழாயைக் கழற்றிப் பழையதில் மாட்டினார்.

ஐந்து மணிக்கு அதே கிளப் நண்பர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். முதல் வாய் குடித்த தாடிக்காரர், "கேரல், மறுபடியும் கெட்டுவிட்டதே" என்றார்.

"கெடவில்லை. இது இப்படித்தான் இருக்கும்" என்று அடுத்த கிளாஸைப் பிடித்தார் கேரல்.

ஆறரைக்கு நாங்கள் கிளம்பும்போது பாதி கிளாஸ்கள் தீராமல் மேஜையில் இருந்தன. கேரல் தன்னுடையதைக் கடைசிச் சொட்டு வரை குடித்திருந்தார். எப்படி இருக்கிறது என்று அவர் யாரையும் கேட்கவில்லை.