வெறுந்தாளில் வாங்கிய கைநாட்டு

“எஸ்.எஸ்.சி. படிச்சாப் போல அரசாங்கக் கச்சேரிக்கு மனு எழுத ஏலுமா, புள்ள?” என்று மாமா கேட்டார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அந்தக் கேள்வி சுட்டது. “ஏலும்” என்றேன்.

உம்மாவின் தம்பியான மாமாவுக்கு ஒரு பஸ் இருந்தது. கையெழுத்துக்கு மேல் எழுத வராது. ஆனால் பஸ் முதலாளிமார் எல்லாருக்காகவும் உள்ளூராட்சிச் சபையோடு கதைப்பவர் அவர்தான். பஸ் தரிப்பிடத்தில் கட்டணம் அறவிடும் உரிமையைச் சபை ஏலத்தில் விட்டிருந்தது. எடுத்த குத்தகைக்காரர் வாய்க்கு வந்ததைக் கேட்டார். பஸ்ஸுக்கு ஒன்று, கூரையில் ஏற்றும் கட்டுக்கு இன்னொன்று. பற்றுச்சீட்டு இல்லை, நிழலுக்கு ஒரு கிடுகுக் கொட்டில்கூட இல்லை. ஏனென்று கேட்பாரும் இல்லை. அதனால்தான் மாவட்ட அரச அலுவலகமான கச்சேரிக்கு மனு.

மருதமுனையில் கைத்தறியில் சாரன் துணி நெய்யும் அக்கா ஒருவர், எங்களுக்கு ‘ராத்தா’, துணிக் கட்டுகளை பஸ்ஸில் மட்டக்களப்புக்குக் கொண்டுபோவார். அவரை மனுவுக்குச் சாட்சியாக்கச் சொல்லி மாமா என்னை அனுப்பினார்.

“சில நாளைக்குக் குத்தகைக்காரன் கட்டுக்கு ரெண்டு தரம் காசு கேக்கிறான் கா. எல்லா நாளுமில்ல” என்றார் ராத்தா, தறியை விட்டு எழும்பாமலே.

மனுவை எழுதி, வாசித்துக் காட்டி, பிறகு கைநாட்டு வாங்குவதுதான் வழக்கம். திரும்ப ஒருமுறை வரச் சோம்பல்பட்டு, வெறுந்தாளின் அடியிலேயே அவருடைய பெருவிரலை ஒற்றிக்கொண்டேன்.

“நீ படிச்ச புள்ளதானே” என்று சிரித்தார்.

வீட்டில் எழுதும்போது ‘சில நாட்களில்’ என்பது பலவீனமாகப் பட்டது. ‘நாள்தோறும் இரு தடவை’ என்று எழுதினேன். வாசிக்கக் கேட்ட மாமா, “கோட்டில வாதாடுற அப்புக்காத்தே தோத்துப்போவான்!” என்றார். பெருமையில் எனக்குத் தலைகால் தெரியவில்லை.

விசாரணை பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. கச்சேரி அதிகாரி மனுவை உரக்க வாசித்துவிட்டு, “ஒவ்வொரு நாளும் ரெண்டு தரமா?” என்று ராத்தாவைக் கேட்டார்.

“வல்லாஹி, நான் அப்பிடிச் சொல்லல்ல ஐயா. சில நாளைக்குத்தான்” என்று ராத்தா சத்தியம் பண்ணினார்.

“அப்ப இந்தக் கைநாட்டு?”

“அது என்டதான்.”

“விரல் ஒண்டு சொல்லுது, வாய் வேறொண்டு சொல்லுது!” என்று குத்தகைக்காரர் சிரித்தார். அதிகாரி மனுவைத் தள்ளி, கோவையை மூடினார். கட்டணம் அப்படியே நின்றது.

நான் பெண்கள் பக்கத்தில் முக்காட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். ‘எழுதியது நான்’ என்று சொல்ல இரண்டு சொல் போதும். ராத்தா என்னை ஒருமுறை பார்த்தார். காட்டிக்கொடுக்கவில்லை.

“அவ குத்தகைக்காரனுக்கிட்ட காசு வாங்கிட்டா” என்றார் மாமா, வெளியே வந்ததும். அதைக் கேட்டும் அவர் பின்னாலேயே வீட்டுக்கு நடந்தேன். மறுநாளிலிருந்து, மாமா சொன்னபடி, எந்த பஸ்ஸும் ராத்தாவின் கட்டை ஏற்றவில்லை. அவர் அதைத் தலையில் சுமந்து, வெயிலில் கல்முனைச் சந்தைக்கு நடந்தார். ஒரு கிழமை, ஏழு நாளும், ஜன்னலால் அதைப் பார்த்தேன்.

அடுத்த கிழமை தறியடியில் போய் நின்று, கச்சேரிக்கு எழுதிய கடிதத்தை வாசித்தேன். கூட்டி எழுதியது நான், வாசித்துக் காட்டாததும் நான், அவர் சொன்னதே மெய் என்று அதில் இருந்தது. ராத்தா பெருவிரலை நீட்டினார்.

“இதுக்கு உங்கட விரல் வேணாம், ராத்தா.”

“அப்ப திரும்ப ஒருக்கா வாசி.”

வாசித்தேன். கீழே என் பெயரை மட்டும் எழுதித் தபாலில் போட்டேன். அங்கிருந்து நேரே மாமா வீட்டுக்குப் போய், கடிதத்தின் பிரதியை விரித்து, “என்னடி இது?” என்று அவர் கேட்குமுன்பே வாசிக்கத் தொடங்கினேன்.