சிவப்புப் புள்ளி வைத்த கேசட்டுகள்

பரண்மேல் அட்டைப்பெட்டியில் கிடக்கிற டிவி கேம் கேசட்டுகளில் மூன்றில் மட்டும் ஏன் பிளேடால் சுரண்டின தடம் இருக்குன்னு கேட்டீங்க. சொல்றேன்.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் உங்க அப்பா நான் டிவி கேம் கடை வைத்திருந்தேன். மெஷின், லெப்பைக்குடிக்காட்டுக்காரர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து எனக்கு விற்றது. நான் ஒன்பதாவதோடு நின்றவன். கேசட் மேலே இருக்கிற இங்கிலீஷ் எனக்கு ஓடாது. அதனால் புதுக் கேசட் வந்தால் முதலிலிருந்து கடைசி வரை நானே ஆடிப் பார்ப்பேன். ஓடலாம், குதிக்கலாம், கார் ஓட்டலாம். மனுஷனை மனுஷன் கொல்லக்கூடாது. தேறினால் உங்க அம்மாவோட நெயில் பாலிஷில் ஒரு சிவப்புப் புள்ளி. புள்ளி இல்லாததை எவன் அழுதாலும் போடமாட்டேன்.

"என் விரலைவிட உங்க கேசட்டுதான் லட்சணமா இருக்கு" என்பாள் உங்க அம்மா.

அந்தப் புள்ளியை நம்பித்தான் கடைத்தெருவுக்கு வருகிற பொம்பளைங்க பிள்ளைகளை என்னிடம் விட்டுட்டுப் போவாங்க.

அப்புறம் எதிரிலேயே கம்ப்யூட்டர் கேம் கடை வந்தது. என் மெஷினோ கேசட்டை ஊதி ஊதிப் போட்டால்தான் படம் காட்டும். சனிக்கிழமைகூட கடை காலி. கடை போனால் ஆண்டிமடத்தில் மச்சானோட முந்திரிக் களத்தில் கூலிக்கு நிக்கணும். நீங்க ரெண்டு பேரும் அப்போ ஒண்ணாவதும் மூணாவதும்.

முதலில் பேயைச் சுடுகிற கேசட்டுக்குப் புள்ளி வைத்தேன். பேய் மனுஷன் இல்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அடுத்தது பட்டாளத்துச் சண்டை. அது அவங்க வேலைதானே என்றேன். மூன்றாவதை ஆடிக்கூடப் பார்க்கவில்லை. அட்டையில் கத்தி இருந்தது, புள்ளி வைத்துட்டேன்.

"டேய் வாங்கடா, கத்திச் சண்டை வந்திருக்கு" என்று தெருவில் நின்று கூப்பிட்டேன். நாலு பையன்கள் வந்தார்கள். திரையில் தலை உருண்டது. ஒருத்தன் சிரித்தான்.

"என்னண்ணே, ரத்தம் கட்டம் கட்டமா வருது. தக்காளிச் சட்னியா? எதிர்க்கடையில போய்ப் பாருங்க, நெசமாட்டம் தெறிக்கும்."

நாலு பேரும் எதிர்க்கடைக்குப் போயிட்டாங்க.

கேம் திரையில் அப்படியே ஓடிக்கிட்டிருந்தபோது, வாராவாரம் சனிக்கிழமை வருகிற பூலாம்பாடி அம்மா தன் மகனோடு உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார். மெஷினில் செருகியிருந்த கேசட்டைப் பார்த்தார்.

"புள்ளி இருக்குதேண்ணே."

"இருக்குங்க."

"நீங்க ஆடிப் பாத்தீங்களா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "பாக்கலம்மா" என்றேன்.

"சரிண்ணே. பஸ்சுக்கு நேரமாச்சு" என்று பிள்ளையைக் கையில் பிடித்துக்கிட்டார். அவங்க ஊர் பஸ்சுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் இருந்தது. எனக்கும் அது தெரியும், அவருக்கும் தெரியும்.

அன்றைக்கே மூன்று புள்ளிகளையும் சுரண்டினேன். அடுத்த சனிக்கிழமை விடிந்ததும் கடையைத் திறந்து வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அறுவடை தொடங்கியபோது நான் முந்திரிக் களத்தில் நின்றேன்.

அந்த மெஷின் ஊதிப் போட்டால் இன்னும் ஓடும். சுரண்டின மூன்றையும் விட்டுடுங்க. புள்ளி இருக்கிறதில் எதை வேண்டுமானாலும் போட்டு ஆடுங்க. அத்தனையும் அப்பா ஆடிப் பார்த்தது.