எடைமேடையில் பிடிபட்டவன்

என் இடது கால் இளம்பிள்ளை வாதத்தில் போனது. அதற்காக அரசாங்கம் மாதாமாதம் உதவித்தொகை போடுகிறது. திருச்சுழி போகும் சாலையில் ஓர் எடைமேடையில் உட்கார்ந்து லாரிகளுக்கு எடை போடும் வேலை கிடைத்ததும், சந்தோஷப்படுவதற்கு முன்னால் பயந்துவிட்டேன். வேலைக்குப் போகிறவனுக்கு உதவித்தொகை நின்றுவிடும் என்பது எங்கள் ஊர்ப் பேச்சு. கரிமூட்டை லோடு வெயில் காலத்தில்தான் வரும். மழை பிடித்தால் மேடையில் காக்காதான் நிற்கும், சம்பளமும் கிடையாது. அந்த மாதங்களில் அடுப்பு எரிவது உதவித்தொகையில்தான்.

அதனால் சம்பளத்தைக் கையிலேயே கேட்டேன். முதலாளி சிரித்தார்.

"ஏன்டா, பாங்குல போட்டா கடிக்குமா?"

"பான் கார்டு கேக்குறீக மொதலாளி. வருமான வரிக்காரவுகளுக்குத் தெரிஞ்சுரும். அவுக தாசில்தார்கிட்ட சொல்லிருவாக."

"நான் குடுக்குற சம்பளத்துக்கு வரியா? அவுக டீ குடிக்கக்கூடக் காணாதுடா!"

வரி வராது என்று அன்றைக்குப் புரிந்தது. என் சம்பளத்தின் லட்சணமும் கூடவே புரிந்தது. பயம் மட்டும் போகவில்லை.

கிராம நிர்வாக அலுவலர் உதவித்தொகை விசாரணைக்கு வீட்டுக்கு வந்து, "வேல ஏதும் பாக்குறியாப்பா?" என்று கேட்டார். "இந்தக் கால வச்சுக்கிட்டா சார்?" என்றேன். கேள்விதானே கேட்டேன், பொய் சொல்லவில்லையே என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். அப்படி ஒரு மூளை.

பிறகொரு மத்தியானம் கிராவல் லாரி ஒன்று மேடை ஏறியது. அனுமதி இல்லாமல் மண் அள்ளியதாகப் பிடிபட்ட லாரி. பின்னாலேயே பைக்கில் அதே அலுவலர். முகமெல்லாம் கரித்தூள், அடையாளம் தெரியாது என்று குனிந்துகொண்டேன். பக்கச் சக்கரம் வைத்த என் ஸ்கூட்டர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றதை மறந்துவிட்டேன்.

"என்னப்பா, இங்க இருக்க?"

"சும்மா சார். சேக்காளி சாப்பிடப் போயிருக்கான், பாத்துக்கச் சொன்னான்."

லாரிக்கு எடை போட்டு நான் நீட்டிய எடைச்சீட்டை அவர் என் பக்கமே தள்ளினார். "கேசுக்குப் போற சீட்டு. இங்க வேல பாக்குறவன் கையெழுத்துதான் செல்லும். சும்மா இருக்கவன் போட்டு ஆகாது. நீ யாரு, சொல்லு."

லாரி டிரைவர் என்னை ஆவலாகப் பார்த்தான். நான் சும்மா இருப்பவன் என்றால் அவன் தப்பிப்பான். என் உதவித்தொகையும் தப்பிக்கும்.

"வேலதான் பாக்குறேன் சார்."

கையெழுத்துப் போட்டேன். தைரியம் என்று நினைத்துவிட வேண்டாம். செல்லாத சீட்டுக் கொடுத்தால் முதலாளி வேலையை விட்டே துரத்திவிடுவார் என்ற அடுத்த பயம்.

"திங்கக்கெழம தாலுகா ஆபீசுக்குப் போயி, வாங்குற சம்பளத்த எழுதிக் குடு. நிப்பாட்டுறதும் விடுறதும் அவுக முடிவு," என்று அலுவலர் சீட்டை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் சொன்னபோது மனைவி திட்டவில்லை. "கவுரவத்துக்குக் கூட்டி எழுதிப்புடாதீக. பயந்துக்கிட்டுக் கொறச்சும் எழுதாதீக," என்றாள். என்னை நன்றாகத் தெரிந்தவள்.

திங்கட்கிழமை உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தேன். வாங்கியவர் படித்துவிட்டு, "அடுத்த மாசம் பணம் ஏறுதான்னு பாருங்க. ஏறலைன்னா நின்னுருச்சுன்னு அர்த்தம்," என்றார். சரி சார் என்று எழுந்திருக்கப் பார்த்தேன். வாதம் வந்த கால் பேசாமல் கிடந்தது. நல்ல கால்தான் நடுங்கியது.