நாய்க்குக் கொம்பு உண்டு

கபூர் வாத்தியார் காரைக்காலில் இறந்துபோன செய்தி தபால் கப்பலில் வந்தது. இங்கே, பிரெஞ்சுக்காரர் ஆளும் அன்னாமிய நாட்டில், ‘பென் தான்’ சந்தைக்கு எதிரே ஜவுளிக்கடை வைத்திருக்கும் காசிம் பாய், ஊரிலிருந்து தம்பி எழுதிய கடிதத்தைப் பள்ளிக்கூடத்துக்கே எடுத்துவந்து காட்டினார். அது கடல் கடந்து வருவதற்குள் அங்கே நாற்பதாம் நாள் பாத்திஹாவும் ஓதி முடித்திருப்பார்கள். படித்தேன், மடித்துக் கொடுத்தேன். மணி அடித்தது; வகுப்புக்குப் போய்விட்டேன்.

அவரைப் பற்றி நாலு வார்த்தை எழுதித் தரும்படி நம் பள்ளிச் சபையார் கேட்டார்கள். பதினொரு வருஷம் அவரோடு ஒரே பள்ளியில் இருந்தவன் என்பதால் என்னைக் கேட்டிருக்கிறார்கள். அவரோடு பழகியவர்கள்தான் இதைப் படிக்கப்போகிறீர்கள், ஆகவே மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: எனக்கு அவரைப் பிடிக்காது. செத்தவரைப் புகழ்ந்து எழுதுவது சம்பிரதாயம்தான். எனக்கு அது அவ்வளவாக வராது.

எங்கள் இரண்டு வகுப்புகளுக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு. என் பக்கம் பிள்ளைகள் இருமுவதற்கும் அனுமதி கேட்பார்கள். அவர் பக்கம் மீன்சந்தை. பிரம்பால் தடுப்பை மூன்று தட்டுத் தட்டுவேன். உடனே வாசலில் வந்து நிற்பார். “மன்னிக்கணும் முசே, சத்தம் கொஞ்சம் கூடித்தான் போச்சு. வாயை மூடிக்கிட்டு இருக்கிற புள்ளை மனசுல என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும், சொல்லுங்க” என்பார். இந்த ஊரில் வாத்தியார்களை ‘முசே’ என்று பிரெஞ்சு மரியாதையோடு கூப்பிடுவதுதான் வழக்கம். அவர் வாயில் அது கேலியா மரியாதையா என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

நவீன முறையில் போதிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்த வருஷம், பிரான்சிலிருந்து பாடப் படங்களும் வந்தன. பனி மூடிய கூரை, கோதுமை வயல், ஓநாய். சபையார் பணம் கொடுத்து வாங்கியவை. நான் கோலால் தொட்டு “இது என்ன?” என்பேன். “பனி!” என்று நாற்பது பிள்ளைகளும் ஒரே குரலில் சொல்வார்கள். “எப்படி இருக்கும்?” “வெள்ளையாக இருக்கும்!” பார்க்க வந்த அதிகாரி என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். கபூர் தடுப்போரம் நின்று, “தொட்டா எப்படி இருக்கும்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க முசே” என்றார். கேட்டேன். “பஞ்சு மாதிரி மெத்துன்னு இருக்கும்” என்றான் முதல் பெஞ்சுக்காரன். மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். மறுநாள் கபூர், சோலோன் சீனர் பேட்டையிலிருந்து மரத்தூள் ஒட்டிய ஐஸ் பாளம் ஒன்றைச் சாக்கில் சுற்றித் தூக்கிவந்து, தன் வகுப்பில் ஒவ்வொருவர் கையிலும் வைத்தார். அன்று கிளம்பிய கூச்சலில் தெருவே திரும்பிப் பார்த்தது. படங்களை அவர் சுவரோடு முகம் சேர்த்துத் திருப்பி மாட்டியிருந்தார். முதுகுப்புறம் வெறும் காகிதம். பிள்ளைகள் அதில் வரைந்துகொண்டிருந்தார்கள்.

காசிம் பாயின் மகள் ஜெய்னப் அப்போது என் வகுப்பில் இருந்தாள். தாயார் இந்த ஊர் அன்னாமியப் பெண். ஜெய்னப் இரண்டு வருஷமாக ஒரே வகுப்பு. ஒருநாள் “தாய் எதற்கு?” என்று கேட்டேன். வளர்ப்பதற்கு, சோறூட்டுவதற்கு என்று ஏதாவது சொல்லட்டும் என்று நினைத்தேன். “கேக்கறதுக்கு முசே” என்றாள். திமிர் என்று நினைத்துப் பெஞ்சில் ஏற்றினேன். இன்னொரு நாள் நாயைப் பற்றி ஒரு வாக்கியம் சொல் என்றேன். “நாய்க்குக் கொம்பு உண்டு. அது காட்டுல புல்லு திங்கும்” என்றாள். வகுப்பே சிரித்தது. அன்றே பதிவேட்டில் ‘மந்தபுத்தி, படிப்பு ஏறாது, நிறுத்திவிடலாம்’ என்று எழுதினேன். காசிம் பாயும் தகராறு செய்யவில்லை. “வராதுன்னா வீட்டோட இருந்துட்டுப் போகட்டும்” என்றார்.

கபூர் குறுக்கே வந்தார். “ஒரு வாரம் எங்கிட்ட விடுங்க. அதுக்கப்புறம் நிறுத்திக்கலாம்.”

மூன்றாம் நாளே கையில் ஒரு சிலேட்டோடு வந்தார். அவள் வரைந்த நாய். கிளை கிளையாகக் கொம்பு, மெலிந்த கால், சின்ன வால். “இது மானுங்க முசே. இவங்க பாஷையில மானுக்கு ‘நாய்’னுதான் பேரு. ‘தாய்’னா காது. காது கேக்கறதுக்குத்தானே? புள்ளை சரியாத்தான் சொல்லியிருக்கு. தப்பான பதில்னு ஒண்ணு வந்தா, அது வேற ஒரு கேள்விக்குச் சரியான பதில். அந்தக் கேள்வி எதுன்னு தேடுறதுக்குத்தான் நமக்குச் சம்பளம்.”

நான் அப்போதே சந்தைத் தெருவில் பதினாறு வருஷமாகக் குடியிருந்தவன். தினமும் மீன் வாங்குபவன். அந்த இரண்டு வார்த்தையும் எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. “வீட்டு பாஷை வீட்டோடு இருக்கட்டும்” என்றேன்.

வாரம் முடிந்தும் ஜெய்னப் அவரிடமே இருந்துவிட்டாள். அவர் வகுப்பில் அது ஒரு வேட்டையாகவே ஆகிவிட்டது. தமிழில் ஒன்று, வீட்டில் வேறொன்று என்று அர்த்தமாகும் சொற்களைத் தினம் ஒரு பிள்ளை கொண்டுவரும். ‘போ’ என்றால் அங்கே மாடு. அவர் யாரையாவது வெளியே “போ” என்றால் வகுப்பு முழுவதும் “ம்மா” என்று கத்தும். அவரும் கூடச் சேர்ந்து கத்துவார். என் பிள்ளைகள் தடுப்புப் பக்கம் காதை வைத்துக்கொண்டு பாடத்தைக் கோட்டை விட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சபைக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போனது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பாடப் படங்களைப் பாழாக்குகிறார், தமிழ் வகுப்பில் அன்னாமிய பாஷையை வளர்க்கிறார், நிறுத்த வேண்டிய பெண்ணை வைத்துக்கொண்டு வகுப்பைக் கூத்தாக்குகிறார் என்று மூன்று குற்றம். யார் எழுதியது என்று அப்போது ஆளுக்கு ஒருவரைச் சந்தேகப்பட்டீர்கள். எழுதியது நான். இடது கையால் எழுதினேன்.

சபை கூடியது. ஜெய்னபை நிறுத்துவதா வைப்பதா என்பதை அன்றே முடிவு செய்வதாக ஏற்பாடு. தலைவர் முதலில் கபூரைக் கேட்டார்: “தமிழ் வகுப்புல அந்த பாஷை எதுக்கு பாய்?”

“புள்ளை அதோடதானே வருது. வாசல்ல செருப்பை விடுற மாதிரி நாக்கை விட்டுட்டு வான்னு சொல்ல முடியுங்களா?”

பெண்ணைச் சோதித்துப் பார்த்துவிடலாம் என்றார் தலைவர். புத்தகம் வேண்டாம், மனப்பாடமாக இருக்கும் என்றேன் நான். காசிம் பாய் சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். தம்பி எழுதியது, முந்தின நாள் வந்தது. ஜெய்னப் எழுத்துக் கூட்டாமல் வாசித்தாள். நலம் விசாரித்தல், மழை, ஒரு கல்யாணம். நடுவில் நின்றாள். “இதையும் வாசிக்கவா வாப்பா?” என்றாள். வாசி என்றார். ‘பெண்பிள்ளைக்குப் படிப்பு எதற்கு, அந்தச் செலவை மிச்சம் பிடிக்கவும்’ என்று எழுதியிருந்தது. வாசித்துவிட்டு, வாசலில் நின்ற தாயாரிடம் அதை அவள் பாஷையில் சொன்னாள். தாயார் கேட்டுக்கொண்டே வந்து, புருஷனைப் பார்த்து ஏதோ சொன்னாள். “என்னம்மா சொல்றா?” என்றார் தலைவர். “சித்தப்பாவுக்கு நானே பதில் எழுதணுமாம்” என்றாள் ஜெய்னப்.

பெண் பள்ளியில் இருக்கலாம், ஆனால் வயதுக்கேற்ற வகுப்பில், அதாவது என்னிடம், என்று தீர்மானமானது. கபூருக்குக் கடைசி அறையில் அரிச்சுவடி வகுப்பு. அது தண்டனைதான். அவர் தலையாட்டிவிட்டுச் சிலேட்டுகளை எடுக்கப் போனார்.

மறுநாள் காப்பிக்கடையில் என் எதிரே வந்து உட்கார்ந்தார். “கடுதாசி நல்லா எழுதியிருந்துச்சு முசே. தலைவர் காமிச்சார். ரெண்டு பக்கத்துல ஒரு ஒற்றுப்பிழை இல்லை. இந்த ஊர்ல அப்படி எழுதக்கூடியவங்க எத்தனை பேரு?” என்றார். நான் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பால்காரனைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் இருந்தார். அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஜெய்னப் என் வகுப்புக்குத் திரும்பிய வாரம் ஏதோ ஒரு கேள்விக்குத் தப்பாகச் சொன்னாள். கை பிரம்புக்குப் போனது. எடுக்கவில்லை. “நீ எதை நினைச்சுச் சொன்னே?” என்று கேட்டேன். பதினாறு வருஷ வாத்தியார் வேலையில் பதில் தெரியாமல் நான் கேட்ட முதல் கேள்வி அது. அவள் சொல்லச் சொல்ல, வேறு இரண்டு பேர் எழுந்து அவளோடு வாதாடினார்கள். வகுப்பில் சத்தம் கூடிவிட்டது. தடுப்புக்கு அந்தப் பக்கம் புதிதாக வந்த வாத்தியார் மூன்று தட்டுத் தட்டினார்.

கபூர் ஊருக்குத் திரும்பிய அன்று துறைமுகத்தில் அவர் பெட்டியின் ஒரு பிடியை நான் பிடித்துக்கொண்டேன். மன்னிப்பு வாய்வரைக்கும் வந்தது. “பார்த்து வாங்க, படி வழுக்கும்” என்று சொன்னேன்.

அவருடையதாக என்னிடம் இருப்பது ‘எதை நினைச்சுச் சொன்னே’ என்ற அந்த ஒரு கேள்விதான். இன்று காலையும் கேட்டேன். அவர் இல்லாதது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இவ்வளவு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. இந்தக் கட்டுரையை வலது கையால் எழுதியிருக்கிறேன். கீழே என் பெயரைப் போடச் சொல்லி அச்சுக்கூடத்துக்கும் தனியாக எழுதிவிட்டேன்.